அறுபத்தொன்றாவது தலை

கூனவலசு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் அந்த வருஷம் சரியாக அறுபது பிள்ளைகள் படித்தார்கள், வந்த வினை அவ்வளவும் அதனால்தான். அறுபத்தொரு பிள்ளை இருந்தால் மூன்று ஆசிரியர், அறுபதே இருந்தால் இரண்டு பேர் போதும் என்று அரசாங்கம் எப்போதோ எழுதி வைத்துவிட்டது, ஆனால் அறுபத்தொன்றாவது ஆளாக மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த பையன் ஜூன் மாதக் கடைசியில் அப்பா அம்மாவோடும் ஒரு கிரைண்டரோடும் நாலு கோழிகளோடும் டெம்போவில் ஏறித் திருப்பூருக்குக் குடிபோய்விட்டான், தன்னோடு ஒரு டீச்சர் வேலையும் அதே டெம்போவில் ஏறிப் போகிறது என்று தெரியாமல் ஊர் எல்லை வரைக்கும் எல்லாருக்கும் டாட்டா காட்டிக்கொண்டே போனான்.

அந்த வேலை கோகிலவாணி டீச்சருடையது. கடைசியாக வந்து சேர்ந்தவர் முதலில் வெளியே போக வேண்டும் என்பது விதி, அப்படி வெளியே போனவர் அடுத்த பள்ளியிலும் கடைசியாக வந்து சேர்ந்தவராகத்தான் இருப்பார் என்பது விதி எழுதியவருக்குத் தோன்றவில்லை, ஆகவே ஒன்பது வருஷத்தில் ஐந்து பள்ளிக்கூடங்களைப் பார்த்துவிட்ட டீச்சருக்கு ஒவ்வொரு தடவையும் வந்த ஆணையில் 'உபரி ஆசிரியர்' என்றே போட்டிருந்தார்கள். ஊர் மாறுவதுகூட அவருக்குப் பழகிவிட்டது. பழகாதது வேறொன்று. எந்தப் பள்ளியிலும் பிள்ளைகள் அவருக்குப் பட்டப்பெயர் வைக்கவில்லை. பட்டப்பெயர் இல்லாத ஆசிரியர் அந்த ஊரில் நிற்காமல் போகிற பஸ் மாதிரி. கூனவலசில் தலைமையாசிரியர் மாரப்பன் சாருக்கு ஊறுகாய் என்று பெயர், தயிர்ச்சோற்றுக்கு மட்டுமில்லாமல் டீக்கும் ஊறுகாய் தொட்டுக்கொள்வார் என்பதால். சத்துணவு சமைக்கும் ராசாமணிக்கு சைரன். ஒன்றாம் வகுப்பு டீச்சருக்கு வைத்திருந்த பெயரை இங்கே எழுத முடியாது. கோகிலவாணி டீச்சர் வந்து பதின்மூன்று மாதம் ஆகியும், ஜன்னலோரம் நின்று காது கொடுத்துக் கேட்டும், வெட்கத்தை விட்டுக் கழிப்பறைச் சுவரைப் படித்துப் பார்த்தும், தனக்கென்று ஒரு எழுத்தைக்கூட அவர் காணவில்லை.

ஆகஸ்ட் முதல் தேதி தலை எண்ணுவார்கள். அதற்கு மூன்று வாரம் முன்னால், சமகாலக் கலையை மாணவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது.

"சமகாலக் கலைன்னா என்னங்க டீச்சர்? கரகாட்டமுங்களா?" என்று கேட்டார் மாரப்பன் சார்.

"இல்லீங்க சார். கரகாட்டம் புரியுமுங்களே."

"அப்ப நீங்களே கூட்டீட்டுப் போயிட்டு வந்துருங்க" என்று சொல்லிவிட்டு அவர் டீயைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அந்த அருங்காட்சியகம் பன்னிரண்டு மைல் தள்ளி, மூடிப்போன ஒரு நூற்பாலையில் இருந்தது. சுவருக்கெல்லாம் வெள்ளையடித்து, கூரையில் கண்ணாடி போட்டு, தரையிலிருந்த எண்ணெய்க் கறையை மட்டும் அப்படியே விட்டுவைத்து, அதுவும் கலையில் சேர்த்தி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கூனவலசுப் பிள்ளைகள் வாசலிலேயே கோயிலுக்குப் போகிற மாதிரி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, முன்னால் நிற்பவன் சட்டையைப் பின்னால் நிற்பவன் பிடித்துக்கொள்ளும் தங்கள் பள்ளி வழக்கப்படி ஒரே ரயிலாக உள்ளே போனார்கள், அவர்கள் போன பத்தாவது நிமிஷம் வெளியூரிலிருந்து வந்த இரண்டு பேர் அறுபது ஜோடிச் செருப்புக்கு முன்னால் நின்று கையைக் கட்டிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்கள், ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

உள்ளே, நெற்றியில் எட்டணா அளவுப் பொட்டு வைத்திருந்த காப்பாளர் மிருணாளினி அம்மாள் பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தார். தலைகீழாகத் தொங்கிய கட்டிலைக் காட்டினார், ஒரு ஆள் நாலு மணி நேரம் தயிர்ச்சோறு சாப்பிடும் வீடியோவைக் காட்டினார், தரையில் ஓடிக்கொண்டிருந்த சீலிங் ஃபேனைக் காட்டினார், எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்ன அட்டை ஒட்டியிருந்தது, எல்லா அட்டையிலும் 'பெயரிடப்படாதது' என்று போட்டு ஒரு எண் மட்டும் மாறியது.

ஐந்தாம் வகுப்பு சஷ்டிகாவுக்கு அது பொறுக்கவில்லை. அந்தப் பள்ளியில் யாருக்கு என்ன பட்டப்பெயர் என்று முடிவு செய்கிறவள் அவள்தான், ஒன்றாம் வகுப்பிலிருந்தே அந்தப் பொறுப்பை அவளிடம் கொடுத்திருந்தார்கள், அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. "ஏனுங்க, இத்தன சாமான் செஞ்சவங்களுக்கு ஒண்ணுக்குக்கூடவா பேரு கெடைக்கல?" என்று கேட்டாள்.

"பெயர் வச்சா அதோட அர்த்தம் சுருங்கிடும்மா" என்றார் மிருணாளினி அம்மாள். "பெயரில்லாததாலதான் இது எல்லாமாவும் இருக்கு."

"எங்கூட்டு நாய்க்குட்டிக்கும் பேரு வெக்காம இருந்தமுங்க, அது வண்டில அடிபட்டுப் போச்சு" என்றாள் சஷ்டிகா, அதற்கு மேல் அனுமதி கேட்காமல் ரயிலின் முன்னால் நடந்து ஒவ்வொன்றுக்கும் பெயர் வைக்க ஆரம்பித்தாள். கட்டிலுக்குக் கொழுந்தியா என்று வைத்தாள், தயிர்ச்சோற்று ஆளுக்கு ஊறுகாயோட தம்பி, ஃபேனுக்குக் கடன்காரன், அறுபது பிள்ளைகளும் ஒவ்வொரு பெயரையும் மூன்று தடவை கத்தி உறுதி செய்தார்கள், தயிர்ச்சோற்று ஆள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு ஒரு தடவை நிமிர்ந்து பார்த்ததை டீச்சர் தவிர வேறு யாரும் கவனிக்கவில்லை.

கடைசிக் கூடத்தின் நடுவில், கறுப்பு நாடா ஒட்டிய சதுரத்துக்குள் நாற்பத்தேழாவது நின்றது. ஆள் உயரம், ஆட்டுக்கல் உருண்டை, பழுப்பு வெள்ளை, கையும் காலும் முகமும் இல்லை. ஆலை மூடும்போது யாரும் எடுத்துப்போகாமல் கிடந்த கழிவுப் பஞ்சை அமுக்கி அமுக்கிச் செய்தது. "இது இன்மையோட இருப்பு" என்றார் மிருணாளினி அம்மாள். சஷ்டிகா அதைச் சுற்றி வந்தாள். மோந்து பார்த்தாள். காதை வைத்துக் கேட்டாள். அப்புறம், "இது பொம்மக்கா" என்றாள், பொம்மக்கா பொம்மக்கா பொம்மக்கா என்று கூரைக் கண்ணாடி அதிர அறுபது பேரும் கத்தினார்கள், "நாங்க போறோம், வாறியா பொம்மக்கா?" என்று ரயிலின் கடைசிப் பெட்டியாக நின்ற ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒரு மரியாதைக்குக் கேட்டுவைத்தது.

பஸ்ஸில் ஏறியதும் டீச்சர் எப்போதும் போல ஒவ்வொரு தலையையும் தொட்டு எண்ணினார். அறுபது வர வேண்டும்; அறுபத்தொன்று வந்தது. "இன்னொருக்கா எண்ணிக்கலாம்" என்றார், அவர் எதை எண்ணினாலும் அப்படித்தான், பிள்ளையானாலும் சாக்பீஸானாலும் ஒரு தடவையோடு விடமாட்டார். இன்னொரு தடவை எண்ணினார். அறுபத்தொன்று. கடைசி சீட்டில் மூன்று பேர் இடத்தை அடைத்துக்கொண்டு பொம்மக்கா உட்கார்ந்திருந்தது, அதன் மடியில் இரண்டு பிள்ளைகள் ஏற்கெனவே தூங்கிவிட்டார்கள்.

டீச்சருக்கு முதலில் பயம் வந்திருக்க வேண்டும். நியாயப்படி வியப்பாவது வந்திருக்க வேண்டும். அவருக்கு வந்தது சந்தோஷம், வயிற்றில் பால் வார்த்த மாதிரி ஒரு சந்தோஷம், அறுபத்தொன்று என்று வாய்க்குள்ளேயே இன்னும் நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு, "போலாமுங்க டிரைவரண்ணா" என்றார்.

மறுநாள் மாரப்பன் சார் பொம்மக்காவை ஏற இறங்கப் பார்த்தார். அவர் முப்பது வருஷமாகத் தலைமையாசிரியராக இருப்பவர், எதைப் பார்த்தாலும் முதலில் அதற்கு என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்றுதான் யோசிப்பார். "டி.சி. இல்லாம எப்படிங்க டீச்சர் சேத்தறது?" என்றார். டீச்சர் அருங்காட்சியகத்தில் கொடுத்த கையேட்டைப் பிரித்து, நாற்பத்தேழாவது படைப்பு செய்து முடித்து ஐந்து வருஷம் ஆகிறது என்று போட்டிருந்த வரியைக் காட்டினார். சாருடைய முகம் மலர்ந்துவிட்டது. ஐந்து வயது முடிந்தால் ஒன்றாம் வகுப்பு, ஒன்றாம் வகுப்புக்கு எதற்கு டி.சி.?

அன்று மாலையே பொம்மக்காவை இணையப் பதிவேட்டில் ஏற்ற உட்கார்ந்தார்கள். தாய்மொழி என்ற இடத்தில் தமிழ் என்று போட்டார்கள், அது பேசுவதில்லை, ஆனாலும் பேசாமலிருப்பதைத் தமிழில்தான் செய்கிறது என்று சஷ்டிகா உறுதியாகச் சொன்னாள். சாதி என்ற கட்டத்தில் வந்து வண்டி நின்றுவிட்டது, அதை நிரப்பாமல் கணினி அடுத்த பக்கம் போகாது. சேதி ஊருக்குள் போனது. பொம்மக்காவால் பள்ளிக்கூடம் பிழைக்கும் என்று கேள்விப்பட்ட மேற்குத் தெருவார் அது பார்வைக்கே தங்கள் சாதிக்களை என்றார்கள். கிழக்குத் தெருவார், ஆலையில் அந்தப் பஞ்சைத் தொட்டதெல்லாம் எங்கள் கைதான், வேண்டுமானால் மோந்து பாருங்கள் என்றார்கள். இரண்டு தெருவும் மோந்து பார்த்தது. மிஷின் எண்ணெய் வாசம் மட்டும் அடித்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டதால் கோகிலவாணி டீச்சர் அந்தப் பட்டியலை அடிவரைக்கும் இறக்கிப் பார்த்தார், அடியில் 'சாதி இல்லை' என்று ஒரு வரி இருந்தது, அப்படி ஒரு வரி இருப்பதே அன்றைக்குத்தான் கூனவலசுக்குத் தெரிந்தது. அதை அழுத்தியதும் கணினி சத்தம் போடாமல் அடுத்த பக்கம் போனது. இரண்டு தெருவாரும் சாப்பிடக் கலைந்து போனார்கள்.

அதற்கப்புறம் ஊருக்குப் பொம்மக்கா பழகிவிட்டது. காலை வணக்கத்தில் கடைசி வரிசையில் நிற்கும். வருகைப் பதிவில் பெயர் கூப்பிட்டால் லேசாக உப்பி அடங்கும், அதுதான் 'உள்ளேன் டீச்சர்'. சத்துணவுக்கு அதற்கும் ஒரு முட்டை வைக்க வேண்டுமா என்று ராசாமணி கேட்டார், பதிவேட்டில் பெயர் இருந்தால் முட்டை உண்டு என்றார் சார், வைத்த முட்டை சாயங்காலத்துக்குள் காணாமல் போகும், அதை யார் தின்றார்கள் என்று யாரும் விசாரிக்கவில்லை. ஒரு நாள் மழையில் நனைந்து வகுப்பறைக் கதவுக்குள் நுழைய முடியாத அளவு ஊதிவிட்டது, மூன்று நாள் வேப்பமரத்தடியில் அது காய்கிறவரைக்கும் எல்லா வகுப்பும் அதைச் சுற்றித்தான் நடந்தது, நாலாம் வாய்ப்பாடு வராத பிள்ளைகளுக்கெல்லாம் அதில் சாய்ந்துகொண்டு சொன்னால் வந்தது.

ராசாமணி அந்த ஆலையில் பதினோரு வருஷம் நூலைக் கோனில் சுற்றும் பிரிவில் வேலை பார்த்தவர். அவருடைய சைரன் குரலும் அந்த மிஷின்களுக்கு மேலே கத்திக் கத்தி வந்ததுதான். அவர் தினமும் பாத்திரம் கழுவி முடித்ததும் பொம்மக்காவிடம் போய் நிற்பார். "எங்க நெஞ்சுக்குள்ள போனது போக மிச்சமிருந்ததுதாங்க டீச்சர் இது" என்று ஒரு நாள் சொன்னார், சொல்லிவிட்டு இருமினார், இருமி முடித்ததும் அதன்மேல் ஒரு தட்டுத் தட்டி, "நல்லாப் படி சாமி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் முதல் தேதி வட்டாரக் கல்வி அலுவலர் தணிகாசலம் வந்தார். பத்து நிமிஷம் கழித்து, லாரியும் கயிறும் எட்டு ஆட்களுமாக மிருணாளினி அம்மாளும் வந்தார்.

தணிகாசலம் பேனாவின் பின்முனையால் ஒவ்வொரு தலையையும் தொட்டு எண்ணுகிறவர், வேறு எந்தக் கணக்கையும் நம்பமாட்டார். அறுபது வரைக்கும் தொட்டார். பொம்மக்காவிடம் வந்து பேனாவை உயர்த்தினார், உயர்த்திய கை அப்படியே நின்றது, இடப்பக்கம் ஒரு சுற்று, வலப்பக்கம் ஒரு சுற்று வந்து பார்த்தார், குனிந்து அடியிலும் பார்த்தார்.

"சேர்க்கையில குறையே இல்லை. எல்லாம் முறையா இருக்கு" என்றார். "ஆனா நான் எண்ண வந்தது தலை. இதுக்குத் தலை இல்லையே."

"தல இல்லாம மேல இருந்து எத்தனையோ ஆர்டர் வந்திருக்குதுங்க சார். அதையெல்லாம் நாங்க ஏத்துக்கிட்டமுங்களே" என்றார் மாரப்பன் சார். அவர் வாழ்க்கையில் பேசிய ஒரே துணிச்சலான பேச்சு அது, பேசிவிட்டு அவரே கொஞ்சம் பின்னால் நகர்ந்துகொண்டார்.

"மாணவர் அறுபத்தொன்று, தலை அறுபது" என்று தணிகாசலம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கோகிலவாணி டீச்சர் அதை எட்டிப் படித்தார். மறுபடியும் உபரி. ஐந்தாவது தடவை.

அதற்குள் எட்டு ஆட்களும் பொம்மக்காவைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள், அது கல் மாதிரி கனத்து, ஒரு அங்குலம் அசையவில்லை. "பேரு சொல்லிக் கூப்புட்டா வந்துரும்" என்று சஷ்டிகா வழி சொன்னாள், ஏதோ உதவி செய்கிற மாதிரி. மிருணாளினி அம்மாளுக்கு முகம் சிவந்தது. பெயரிடப்படாததைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அது நாற்பத்தேழாக எப்படி இருக்கும்? அவர் கொள்கைக்காரர், கூப்பிடவில்லை. "இன்னும் மூணு வாரத்துல வெளிநாட்டிலேர்ந்து பார்க்க வராங்க சார். அந்த இடம் காலியா இருக்கு. நான் என்னத்தைக் காட்டுவேன்?" என்று தணிகாசலத்திடம் குரல் உடையக் கேட்டார்.

தணிகாசலம் கெட்டவர் இல்லை. கணக்கு நேராக வேண்டும் என்று நினைக்கிறவர், அவ்வளவுதான். ஒரு இடத்தில் ஒன்று கூடுதல், இன்னொரு இடத்தில் ஒன்று குறைவு. இதற்குப் பணிநிரவல் என்று அவர் அலுவலகத்தில் ஒரு பெயரே இருக்கிறது. அங்கேயே, பொம்மக்காவின் மேலேயே தாளை வைத்து எழுதினார்: உபரி ஆசிரியர் செல்வி வெ. கோகிலவாணி, மேற்படி நாற்பத்தேழாம் எண் காட்சிப்பொருள் திரும்பும் வரை, மேற்படி இடத்தில் பணிபுரிவார்.

அப்படித்தான் டீச்சர் கறுப்பு நாடா ஒட்டிய சதுரத்துக்குள் போய் நின்றார். காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை, திங்கள் விடுமுறை, உட்கார ஒரு ஸ்டூல் உண்டு, ஆனால் யாரும் இல்லாதபோதுதான் உட்காரலாம். முதல் வாரம் அவமானமாக இருந்தது. இரண்டாவது வாரம் கால் வலித்தது. மூன்றாவது வாரம் வெளிநாட்டுக்காரர்கள் வந்து, போன பஞ்சைவிட இது எவ்வளவோ மேல் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கல்லூரி மாணவர்கள் வந்து அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து படம் வரைந்தார்கள், ஒரு இளம் ஜோடி அவரோடு செல்ஃபி எடுத்துக்கொண்டது, ஒரு பெரியவர் முகத்தருகே வந்து பார்த்து, "கண்ணு ரெண்டும் நெசமாவே செஞ்சு வெச்ச மாதிரி இருக்குது" என்றார். மிருணாளினி அம்மாள் மனசாட்சி உள்ளவர், பழைய அட்டையை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று அச்சடித்து ஒட்டினார்: பெயரிடப்படாதது 47. ஆசிரியர், பருத்திப் புடவை. ஒன்பது வருடங்கள்.

அந்த அட்டையைப் படித்த அன்றைக்கு டீச்சர் அழுதார். அழுகையும் படைப்பில் சேர்த்தி என்று நினைத்துக்கொண்டு கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

பொழுது போகாமல் வருகிறவர்களை எண்ணினார். எண்ணி முடித்து இன்னொருக்கா எண்ணினார். சனிக்கிழமைதோறும் ராசாமணி பஸ் ஏறி வருவார், ஒரு தூக்குப் போசியில் பள்ளிச் சாம்பாரும் ஊர்ச் சேதியும் கொண்டுவருவார். முன்பு பன்னிரண்டு மணி நேரம் கால் கடுக்க நின்ற அந்தக் கூடத்தில் இப்போது பார்வையாளராக நடப்பது அவருக்குக் கொஞ்சம் சிரிப்பாக இருக்கும். "நான் நின்னப்ப ஒருத்தனும் கைதட்டலீங்களே டீச்சர்" என்பார்.

அக்டோபர் நடுவில் ஒரு சனிக்கிழமை ராசாமணி சேதியோடு ஓட்டமாக வந்தார். டீச்சர் போன நாளிலிருந்தே பிள்ளைகள் பொம்மக்காவுக்குத் தலை செய்துகொண்டிருந்தார்களாம். முதலில் பூசணிக்காய் வைத்தார்கள், அழுகிவிட்டது. ஃபுட்பால் வைத்தார்கள், விளையாட்டுப் பீரியடில் அதைப் பிடுங்கி உதைத்துவிட்டார்கள். கடைசியில் சோளக்காட்டில் காக்காய் விரட்டும் பொம்மையின் மண்சட்டியைக் கேட்டு வாங்கி, சத்துணவுக் கூடத்துக் கரியால் கண்ணும் மூக்கும் போட்டார்கள், வாய் மட்டும் போடும்போது ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கோடு இழுக்க வேண்டும் என்று சஷ்டிகா சட்டம் போட்டதால் அது அறுபது கோட்டில் காதுவரைக்கும் சிரித்தது. தணிகாசலம் மறு எண்ணிக்கைக்கு வந்தார், பேனாவால் சட்டியைத் தட்டினார், 'டங்' என்று கேட்டது. "அறுபத்தொன்று" என்று எழுதினார்.

"அப்ப நான் வந்துரலாமுங்களா?" என்று டீச்சர் கேட்டபோது அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

ராசாமணி தூக்குப் போசியின் மூடியைத் திருகித் திறந்து மறுபடியும் மூடினார். ஆணையில் காட்சிப்பொருள் திரும்பும் வரை என்று எழுதியிருந்தது. பொம்மக்கா இனிமேல் காட்சிப்பொருள் இல்லை, தலையுள்ள மாணவி. ஆகவே அது திரும்புவது என்ற பேச்சே கிடையாது. காலியான மூன்றாவது இடத்துக்கு யாரையாவது புதிதாகப் போடுவார்கள். "யாரோ ஒருத்தர் வருவாங்களாமுங்க" என்றார் ராசாமணி.

நவம்பரில், சமகாலக் கலையின் இரண்டாம் கட்ட அறிமுகம் என்று அடுத்த சுற்றறிக்கை வந்தது.

பிள்ளைகள் வருவதை டீச்சர் பார்ப்பதற்கு முன்னால் கேட்டுவிட்டார், வாசலில் அறுபது ஜோடிச் செருப்பு விழுகிற சத்தம் வேறு எதற்கும் வராது. ஒரே ரயிலாக, சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். மாரப்பன் சார் பின்னால் ஒளிந்தாற்போல் நடந்து வந்தார். பொம்மக்கா மட்டும் இறங்கமாட்டேன் என்று பஸ்ஸிலேயே இருந்துவிட்டது, பழைய இடத்துக்குள் கால் வைக்க யாருக்குத்தான் பிடிக்கும். டீச்சர் ஸ்டூலை விட்டு எழுந்து நேராக நின்றார். ஐந்து மணிக்கு முன்னால் சதுரத்தை விட்டு இறங்கக் கூடாது. பார்வையாளரோடு பேசக் கூடாது. அவர் பேசவில்லை. மனசுக்குள் எண்ண மட்டும் செய்தார்.

"இந்தப் படைப்பு காத்திருத்தலைப் பத்தினது" என்று மிருணாளினி அம்மாள் பிள்ளைகளுக்கு விளக்கினார். "இது யாருன்னு நமக்குத் தெரியாது. தெரியாததுதான் இதோட அழகு."

சஷ்டிகா ரயிலிலிருந்து கழன்று முன்னால் வந்தாள். அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். அவளுக்கு மூக்கு விடைத்தது.

"பேரில்லைன்னு எவன் எழுதுனது?" என்றாள். "நாங்க போன வருசமே வெச்சாச்சு."

டீச்சர் எண்ணுவதை நிறுத்தினார்.

"ஊறுகாயி காதுல உழுந்தா அடிப்பாருன்னு பெஞ்சுக்கு அடியில எழுதி வெச்சிருக்கறமுங்க" என்றாள் சஷ்டிகா. மாரப்பன் சார் கூரைக் கண்ணாடியைப் பார்த்தார். சஷ்டிகா திரும்பி ரயிலைப் பார்த்துக் கையைத் தூக்கினாள், கொழுந்தியாளும் கடன்காரனும் தயிர்ச்சோற்று ஆளும் கேட்க, ஒரு காலத்தில் மிஷின் ஓடிய சுவரெல்லாம் கேட்க, அறுபது தொண்டையும் ஒன்றாகக் கத்தியது.

"இன்னொருக்கா! இன்னொருக்கா! இன்னொருக்கா!"

அவருக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. கறுப்பு நாடாவைத் தாண்டிக் காலை வைத்தார். "படைப்பு வெளியே போகக் கூடாது, ஆணை இருக்கு, ஆணை இருக்கு" என்று மிருணாளினி அம்மாள் பின்னாலேயே ஓடி வந்தார், ஆனால் அவர் படைப்பைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார் அல்லவா, அதனால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ரயிலின் கடைசிப் பெட்டியாக நின்ற ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் சட்டையை டீச்சர் பிடித்துக்கொண்டார். காலியான சதுரத்தை அப்படியே விட்டுவைத்து அட்டையில் ஆசிரியரை மட்டும் அடித்துவிட்டார்கள் என்றும், இப்போது ஜனங்கள் அதைப் பார்க்கத்தான் அதிகமாக வருகிறார்கள் என்றும் அப்புறம் ராசாமணி வந்து சொன்னார்.

"சார், ஆர்டர் இல்லாம வாறனுங்களே" என்றார் டீச்சர் பஸ் படிக்கட்டில் நின்று.

"ஆர்டர் வாறதுக்கு மூணு மாசமாவுமுங்க. நீங்க முன்னால ஏறுங்க" என்றார் மாரப்பன் சார், ஏறியதும் மடியிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து அவருக்கு நீட்டினார், அவர் யாருக்கும் கொடுக்காத ஊறுகாய்.

பஸ் கிளம்புவதற்கு முன்னால் டீச்சர் எண்ணினார். ஒவ்வொரு தலையாகத் தொட்டுக்கொண்டே போனார், எண்ணெய் தேய்த்த தலை, மொட்டைத் தலை, பேன் பார்க்க வேண்டிய தலை, கடைசி சீட்டில் மண்சட்டித் தலை. டங். அறுபத்தொன்று.

"இன்னொருக்கா!" என்று பஸ் முழுக்கக் கத்தியது.

மறுபடியும் முதல் சீட்டிலிருந்து ஆரம்பித்தார். அறுபத்தொன்றில் வந்து நின்றபோது, சஷ்டிகா சீட்டின் மேல் ஏறி நின்று, அவர் தலையில் பட்டென்று ஒரு தட்டுத் தட்டினாள்.

"அறுபத்திரண்டு" என்றாள். "போலாமுங்க டிரைவரண்ணா."